நம் தகவல் நம் கைக்கு வர என்ன தடை?

(கிள்ளானில் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை மாலை. நாளைக்குப் பிள்ளைகளின் சீருடையைத் தேய்க்க வேண்டும், சிலர் இரவு ஷிப்டுக்குப் போக வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "பரவலாக்கப்பட்ட தனிநபர் தகவல் தொழில்நுட்பமும் அதன் தடைகளும்". வாசலில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "தம்பி, இது எங்களுக்கா, யுனிவர்சிட்டி பிள்ளைகளுக்கா?" உங்களுக்குத்தான் அம்மா. உங்கள் வீட்டு அலமாரிக்கு மேலே ஒரு பிஸ்கட் டின் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அந்த டின்னுக்குள் என்ன இருக்கிறது? பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, பாட்டியின் பழைய அடையாள அட்டை, தாத்தா வேலை செய்த தோட்டத்தின் கடிதம், இபிஎஃப் தாள், சொக்சோ பாரம், கிளினிக் கார்டு. மூன்று தலைமுறை ஒரு டின்னுக்குள் இருக்கிறது. வீட்டில் தீப்பிடித்தால் நகையை எடுப்பதா, டின்னை எடுப்பதா என்று கேட்டால் என் அம்மா டின் என்றுதான் சொல்வார்.

ஏன் என்று மூத்தவர்களுக்குத் தெரியும். 1968-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்றது அந்தச் சட்டம். பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர்கள், தார்ச்சாலை போட்டவர்கள், ஒரு தாள் இல்லாததால் அந்நியர் ஆனார்கள். ஆயிரக்கணக்கானோர் கப்பல் ஏறிப் போனார்கள். இருந்தவர்களில் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து, அதோடே கண்ணை மூடினார்கள். பிறந்ததைப் பதியாமல் விட்டதால், அல்லது பெற்றோரின் திருமணம் பதிவாகாததால், இன்றும் அலைகின்ற குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. தகவல் என்பது மற்றவர்களுக்குக் கணினி விஷயமாக இருக்கலாம். நமக்கு அது இந்த நாட்டில் நாம் யார் என்ற விஷயம்.

இனி என் அக்கா வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அவர் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் இருக்கிறார். 2021 டிசம்பர் 18-ஆம் தேதி பெய்த மழையில் அந்தத் தாமான் என்ன ஆனது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மேல் மாடிக்கு ஏறி உயிர் தப்பினார்கள். டின் கீழே இருந்தது. தண்ணீர் வடிந்து அதைத் திறந்தபோது உள்ளே சேறு.

அடையாள அட்டையைத் திரும்ப எடுத்தார்கள். பிறப்புப் பத்திரத்தையும் எடுத்தார்கள். தேசியப் பதிவு இலாகாவிடம் அவற்றின் பதிவு இருந்தது. ஆனால் என் அத்தான் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்த தொழிற்சாலையின் சம்பளச் சீட்டுகளும், அவர் கை விரல் நசுங்கியபோது கிளினிக் கொடுத்த தாள்களும் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தத் தொழிற்சாலையை வெள்ளத்துக்கு முன்பே மூடிவிட்டார்கள். கிளினிக்கும் கை மாறிவிட்டது. "பழைய பதிவு எங்களிடம் இல்லை" என்று புதியவர்கள் சொன்னார்கள். வேறு வேலைக்குப் போனபோது அனுபவத்துக்குச் சான்று கேட்டார்கள். "என் கையைப் பார்" என்று சொல்லத்தான் அவரால் முடிந்தது.

இந்த இடத்தில்தான் அந்தத் தொழில்நுட்பம் வருகிறது.

இப்போது நம் தகவல்கள் எங்கே இருக்கின்றன? முதலாளியின் கணினியில், வங்கியின் கணினியில், மருத்துவமனையில், கைப்பேசி நிறுவனத்தில், அரசாங்க இலாகாவில். நம்மைப் பற்றிய எல்லாம் அங்கே இருக்கிறது. நம்மிடம் இருப்பது ஒரு பிரதி, அதுவும் அவர்கள் கொடுத்தால். 1989-இல் இணைய வலையை உருவாக்கினாரே டிம் பெர்னர்ஸ் லீ, அவரே பின்னாளில் இது தவறான வழியில் போய்விட்டது என்று உணர்ந்தார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு 'சொலிட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். 2018-இல் அதற்காக 'இன்ரப்ட்' என்ற நிறுவனத்தையும் அமைத்தார்.

அதன் யோசனை எளிது. ஒவ்வொருவருக்கும் ஒரு தகவல் பெட்டி. அதை அவர்கள் 'பாட்' என்கிறார்கள். உங்கள் சம்பளச் சீட்டு, மருத்துவக் குறிப்பு, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கும். பெட்டி எந்தக் கணினியில் இருக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்வீர்கள். வங்கிக்கு உங்கள் சம்பள விவரம் வேண்டுமா? உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். மூன்று மாதச் சீட்டை மட்டும் பார்க்கலாம், மருத்துவக் குறிப்பைப் பார்க்கக்கூடாது என்று நீங்கள் சொல்லலாம். வேலை முடிந்ததும் அனுமதியை ரத்து செய்யலாம். பிஸ்கட் டின்தான், ஆனால் வெள்ளத்தில் மூழ்காத டின்.

ஒரே இடத்தில் குவித்து வைத்தால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். 2017 அக்டோபரில் நம் நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள், பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி உட்பட, வெளியே கசிந்தது தெரிய வந்தது. நாட்டின் மக்கள் தொகையைவிட அதிகம்! அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் 15 லட்சம் நோயாளிகளின் தகவல்கள் திருடுபோயின. அதில் அன்றைய பிரதமர் லீ சியென் லூங்கின் தகவலும் இருந்தது. பிரதமருக்கே அந்தக் கதி.

அப்படியானால் இந்தப் பெட்டி ஏன் இன்னும் நம் வீட்டுக்கு வரவில்லை? இதைக் கேட்டால் படித்தவர்கள் உடனே ஒரு பதில் சொல்வார்கள். "நம்ம ஆளுங்களுக்கு அது புரியாது. தொழில்நுட்ப அறிவு போதாது. முதலில் மக்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும்." எத்தனை மேடையில் கேட்டிருப்பீர்கள்!

நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 2020-இல் மைசெஜாத்ரா வந்தது. என் பாட்டிக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். இரண்டு வாரத்தில் கைப்பேசியைத் தூக்கிக் காட்டிக் கட்டத்தைப் பிடித்து, கடைக்குள் போனார். யார் பயிற்சி கொடுத்தது? யாரும் இல்லை. அது இல்லாமல் கடைக் கதவு திறக்காது என்றார்கள், கற்றுக்கொண்டார். (அந்தச் செயலி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி 2022-இல் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு வரை போனது வேறு கதை. நம் தகவலை வாங்கியபோது அதை யாரும் நம்மிடம் சொல்லவில்லை.)

கதவு திறந்தால் நம் மக்கள் எதையும் கற்றுக்கொள்வார்கள். தடை கதவுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறது. கவுண்டருக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நம் பெட்டியை ஏற்றுக்கொள்ளத் தயாரா என்பதுதான் முதல் கேள்வி.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. உங்கள் பர்ஸில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள், மைகார்ட்.

2001-இல் அதை அறிமுகம் செய்தபோது உலகமே நம்மைத் திரும்பிப் பார்த்தது என்று பெருமை பேசினார்கள். பொய்யில்லை. அதிலே ஒரு சில்லு இருக்கிறது. கட்டைவிரல் ரேகை இருக்கும், வாகன உரிமம் இருக்கும், கடப்பிதழ் விவரம் இருக்கும், இரத்த வகை, ஒவ்வாமை, நீண்டகால நோய் பற்றிய குறிப்பைக்கூட வைக்கலாம், பணமும் போடலாம், டோல் கட்டணம் கட்டலாம் என்றார்கள். அந்தக் காலத்தில் அதுதான் தகவல் பெட்டி. நம் தகவல், நம் பர்ஸில், நம் கையில்.

என்ன நடந்தது? கவுண்டருக்குப் போகிறோம். என்ன கேட்கிறார்கள்?

(கூட்டத்திலிருந்து: "போட்டோஸ்டேட்!")

ஆமாம். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பிரதி. வாடகை வீட்டுக்குப் போட்டோஸ்டேட், பள்ளிச் சேர்க்கைக்குப் போட்டோஸ்டேட், வேலை விண்ணப்பத்துக்குப் போட்டோஸ்டேட். இவ்வளவு அறிவுள்ள ஓர் அட்டையை வெறும் தாளாக்கி வாங்கிக்கொள்கிறார்கள். அந்தத் தாள் எத்தனை மேசையில் கிடக்கிறது, யார் கையில் இருக்கிறது, குப்பைக்குப் போனதா என்பது யாருக்கும் தெரியாது. மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினால், "என்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்று நம்மைத்தான் கேட்கிறார்கள். சில்லைப் படிக்கும் கருவி கவுண்டரில் இல்லை.

ஆனால் வங்கிக்குப் போய்ப் பாருங்கள். கருவி இருக்கிறது. கட்டைவிரலை வை என்கிறார்கள். ஏன் வங்கியில் மட்டும் இருக்கிறது? ஆள் மாறினால் நட்டம் வங்கிக்கு. அதனால் செலவு செய்து கருவி வாங்கினார்கள். மற்ற கவுண்டரில் தவறு நடந்தால் நட்டம் நமக்கு. அவர்கள் ஏன் வாங்குவார்கள்? இந்தத் தொழில்நுட்பம் ஏன் பரவவில்லை என்பதற்கு எத்தனையோ ஆய்வரங்கம் நடத்துகிறார்கள். எனக்கென்னவோ பாதி விடை இந்தக் கருவியில் இருப்பதாகத் தோன்றுகிறது.

பெட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. நான் ஒரு சம்பளச் சீட்டைப் பெட்டியில் வைக்கிறேன். அதை நானே கணினியில் தட்டச்சு செய்திருக்கலாம் அல்லவா? கவுண்டரில் இருப்பவர் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆகவே கொடுத்தவரின் முத்திரை வேண்டும். மின்னியல் கையெழுத்து என்ற தொழில்நுட்பம் அதைச் செய்யும். தாளில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கையெழுத்தை யார் போட வேண்டும்? முதலாளி போட வேண்டும், மருத்துவமனை போட வேண்டும், பள்ளி போட வேண்டும். நான் மட்டும் பெட்டி வைத்துக்கொண்டு பயனில்லை. கொடுப்பவர் முத்திரை வைக்க வேண்டும், வாங்குபவர் அந்த முத்திரையை மதிக்க வேண்டும். இருவரும் சேராமல் நடுவில் நிற்கும் நாம் மட்டும் என்ன செய்வது?

பெல்ஜியம் நாட்டின் ஃபிளாண்டர்ஸ் வட்டாரத்தில் இதை ஓரளவு செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே வட்டார அரசாங்கமே முன்வந்து 'அத்துமி' என்ற அமைப்பை ஏற்படுத்தி, குடிமக்களுக்குத் தகவல் பெட்டி கொடுக்கும் வேலையை ஒப்படைத்தது. படிப்புச் சான்றிதழ் அரசாங்கப் பதிவிலிருந்து நேராகப் பெட்டிக்கு வரும். வேலை தேடுபவர் அதை நிறுவனத்துக்குக் காட்டலாம். அங்கேயும் தானாக எதுவும் பரவிவிடவில்லை. கொடுக்கும் கை அரசாங்கத்தின் கை என்பதால்தான் அந்த அளவுக்காவது வந்தது.

நம் ஊரில் கொடுக்கும் கை எப்படி இருக்கிறது?

உணவு பட்டுவாடா செய்யும் நம் பையன்களைப் பாருங்கள். ஐந்து ஆண்டு மழையிலும் வெயிலிலும் மோட்டார்சைக்கிள் ஓட்டி, ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களிடம் நல்ல மதிப்பெண் வாங்கி வைத்திருக்கிறான் ஒருவன். அந்த மதிப்பெண்தான் அவனுடைய நற்சான்றிதழ். வேறு நிறுவனத்துக்கு மாறினால் அதை எடுத்துப் போக முடியுமா? முடியாது. சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். கணக்கை முடக்கிவிட்டார்கள் என்றால் ஐந்து ஆண்டு உழைப்புக்கு ஒரு தாள்கூட மிஞ்சாது. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் தாத்தாவுக்குக் கிராணி ஒரு கடிதமாவது கொடுத்தார்.

நிறுவனங்கள் ஏன் கொடுப்பதில்லை? தொழில்நுட்பம் இல்லாமலா? தகவல் தங்களிடம் இருக்கும் வரை ஆளும் தங்களிடம் இருப்பான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சட்டம் கொஞ்சம் அசைந்திருக்கிறது. 2010-ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. 2024-இல் அதைத் திருத்தினார்கள். 2025 ஜூன் முதல், என் தகவலை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு நேராக மாற்றிக் கொடு என்று கேட்கும் உரிமை வந்திருக்கிறது. கைதட்டலாம். ஆனால் அந்த வரியின் வாலைப் படியுங்கள். தொழில்நுட்ப ரீதியாக முடியுமானால், தகவல் வடிவம் பொருந்துமானால் என்று இருக்கிறது. முடியுமா முடியாதா என்று முதலில் சொல்லப்போவது யார்? கொடுக்க மனமில்லாத அதே நிறுவனம்தான்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. இந்தச் சட்டம் கூட்டரசு அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் கட்டுப்படுத்தாது. அன்றும் இல்லை, திருத்தத்துக்குப் பிறகும் இல்லை. நம் பிறப்பு, குடியுரிமை, பள்ளி, மருத்துவமனை, உதவித்தொகை எல்லாம் எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்குச் சட்டம் பொருந்தாது! 2024 ஜனவரியில் 'பாடு' என்ற பெரிய தரவுத்தளத்தைத் திறந்து, மார்ச் கடைசிக்குள் எல்லோரும் விவரம் கொடுங்கள் என்றார்கள். 2025-இல் கூட்டரசு இலாகாக்கள் தங்களுக்குள் தகவல் பகிர ஒரு தனிச் சட்டமும் வந்தது. இலாகாவும் இலாகாவும் பகிர்ந்துகொள்ளச் சட்டம் தயார். அது கெட்டது என்று நான் சொல்லவில்லை, நாலு கவுண்டருக்கு அலைவது குறைந்தால் நல்லதுதான். ஆனால் எல்லாத் தகவலும் மேலே போய் ஒன்று சேர்கின்றன. கீழே நம் கைக்கு ஒரு பிரதி முத்திரையோடு வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இதுவரை அவர்கள் பக்கத்துத் தடையைச் சொன்னேன். நம் பக்கத்திலும் உண்மையான கஷ்டம் இருக்கிறது. அதை மறைத்தால் நான் பெட்டி விற்க வந்தவன் ஆகிவிடுவேன்.

சாவி விஷயம். இந்தப் பெட்டியின் சாவி உங்கள் கையில் மட்டும் இருக்கும் என்பதுதான் பெருமை. அதுதான் ஆபத்தும். வங்கியில் கடவுச்சொல்லை மறந்தால் அடையாள அட்டையோடு போய் நிற்கலாம், புதிது கொடுப்பார்கள். சில வகைப் பெட்டிகளில் சாவி போனால் போனதுதான். பிட்காயின் வாங்கிச் சாவியைத் தொலைத்துப் பெரும்பணத்தை இழந்தவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்கள் படித்தவர்கள்தான்.

நம் வீட்டு நிலவரம் என்ன? பல வீடுகளில் நல்ல கைப்பேசி ஒன்றுதான். பகலில் அப்பா எடுத்துப் போவார், இரவில் பிள்ளைக்குப் பாடத்துக்கு வேண்டும். பிரிபேய்ட் எண், பணம் போடாவிட்டால் எண் செத்துவிடும், அதற்கு வரவேண்டிய ரகசிய எண்ணும் வராது. திரை உடைந்தால் கடைக்காரரிடம் கைப்பேசியையும் கடவு எண்ணையும் சேர்த்தே கொடுத்துவிட்டு வருகிறோம். கணவரின் கைப்பேசியில் மனைவியின் பெட்டியும் இருந்தால், அடி வாங்கிய பெண் மருத்துவமனைத் தாளை எங்கே ஒளித்து வைப்பாள்? இதையெல்லாம் யோசிக்காமல் ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு தனி அறை இருக்கிற நாட்டில் உட்கார்ந்து வடிவமைக்கிறார்கள்.

மாற்றுச் சாவியை நம்பிக்கையானவர்கள் இரண்டு மூன்று பேரிடம் பிரித்துக் கொடுத்து வைக்கும் முறையும் உண்டு. ஒருவர் மட்டும் திறக்க முடியாது, சேர்ந்தால் திறக்கலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது. கூட்டுப்பணம் பிடித்துப் பழகிய தாய்மார்களுக்கு யாரை நம்பலாம் யாரை நம்பக்கூடாது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று இருக்கிறது. என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான்.

வட்டிமுதலை என்ன கேட்பான்? அடையாள அட்டையைக் கொடு, ஏடிஎம் கார்டைக் கொடு, ரகசிய எண்ணைச் சொல். கடன் வாங்குபவர் கொடுத்துவிடுகிறார். கட்டாயப்படுத்தினானா? இல்லை. "சம்மதத்தோடு" கொடுத்தார். வீட்டில் அரிசி இல்லாதவரின் சம்மதம்.

நாளைக்கு நம் வாழ்க்கை முழுவதும் ஒரே பெட்டியில் இருக்கிறது என்று வையுங்கள். வேலைக்கு ஆள் எடுப்பவர், "உன் பெட்டியைத் திறந்து மருத்துவக் குறிப்பைக் காட்டு" என்றால்? வீட்டுக்காரர் "வங்கிக் கணக்கைத் திற" என்றால்? அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை என்று திரையில் அழகாக எழுதியிருக்கும். மறுத்தால் வேலை அடுத்த ஆளுக்குப் போகும். முன்பெல்லாம் தகவல் நாலு இடத்தில் சிதறிக் கிடந்ததால், கேட்பவனுக்கும் அலைச்சல் இருந்தது. அந்த அலைச்சலே நமக்கு ஒரு வேலியாக இருந்தது. பெட்டி வந்தால் வேலியும் போகும். அனுமதியைப் பிறகு ரத்து செய்யலாம் என்கிறார்கள். பார்த்துவிட்டதை, பிரதி எடுத்துவிட்டதை எப்படி ரத்து செய்வது? எந்தத் தொழில்நுட்பமும் அதைச் செய்யாது. வேலைக்கு இதைக் கேட்கலாம், இதைக் கேட்கவே கூடாது என்று சட்டம்தான் கோடு போட வேண்டும்.

ஆகவே நம் தாய்மார்கள் புதிய செயலியைக் கண்டு தயங்கும்போது அதை அறியாமை என்று சொல்லாதீர்கள். தாளைக் கொடுத்து ஏமாந்த அனுபவம் பேசுகிறது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியை வைக்க ஒரு கணினி வேண்டும், பராமரிக்க ஆள் வேண்டும், யாராவது காசு கட்ட வேண்டும். இலவசம் என்று கொடுப்பவர் எத்தனை நாள் கொடுப்பார்? கூகுள் 2008-இல் மருத்துவக் குறிப்புகளைச் சேமித்துக்கொள்ள ஓர் இலவசச் சேவை தொடங்கி, 2012 தொடக்கத்தில் மூடியது. மைக்ரோசாப்டும் அதே போன்ற ஒன்றை 2007-இல் தொடங்கி 2019-இல் மூடியது. நம் பிறப்புப் பத்திரம் அதைவிட நீண்ட நாள் வேண்டும். மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அனுமதி கேட்கும் அந்த நாலு வரி தமிழில் இல்லாவிட்டால், 'சரி' என்ற பொத்தானை அழுத்துவது வெற்றுத் தாளில் கைநாட்டு வைப்பதுதான்.

சரி, இதற்குள் நாம் என்ன செய்வது? பெட்டி வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தனியார் நிறுவனம் உங்களைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறது என்று எழுத்துமூலம் கேட்க உங்களுக்கு இப்போதே உரிமை உண்டு. ஒரு சிறு கட்டணம் கேட்கலாம். 21 நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். மறுத்தால் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையரிடம் புகார் செய்யலாம். என் அத்தானுக்கு இது தெரிந்திருந்தால் தொழிற்சாலை மூடுவதற்கு முன்பே கேட்டிருப்பார். நீங்கள் வேலை செய்யும் இடம் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே கேளுங்கள். மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்த பிறகு கேட்டால் அலுவலகத்தில் ஆள் இருக்கமாட்டார்கள். உணவு பட்டுவாடா செய்யும் தம்பிகளே, உங்கள் பயண விவரத்தையும் மதிப்பெண்ணையும் கேட்டு எழுதுங்கள். பத்துப் பேர் தனித்தனியாக எழுதினால் பத்துக் கடிதம். ஒரே வாரத்தில் இருநூறு பேர் எழுதினால் அவர்கள் வக்கீலைக் கூப்பிடுவார்கள்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதை மகஜராக எழுதி வைத்திருக்கிறோம். தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசாங்க இலாகாக்களுக்கும் பொருந்த வேண்டும். பிறப்பு, திருமணம், பள்ளிச் சான்றிதழ்களை முத்திரையிட்ட மின்னியல் பிரதியாக நம் கைக்குக் கொடுக்க வேண்டும், அதை எல்லாக் கவுண்டரும் ஏற்க வேண்டும். கைப்பேசி இல்லாதவர் தாளோடு வந்தால் திருப்பி அனுப்பக்கூடாது. வேலைக்கு ஆள் எடுப்பவர் எதைக் கேட்கக்கூடாது என்ற பட்டியல் வேண்டும். படித்துப் பார்த்து, ஒப்புக்கொண்டால் மட்டும் கையெழுத்திடுங்கள். படிக்க இயலாதவர்களுக்கு அங்கே உட்கார்ந்திருக்கும் தங்கை படித்துக் காட்டுவார்.

கடைசியாக, அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே இடத்தில் இரண்டு மேசை போடுகிறோம். டின்னோடு வாருங்கள். உங்கள் தாள்களை உங்கள் கண் முன்னாலேயே படம் பிடித்து, இரண்டு பென்டிரைவில் போட்டு உங்கள் கையிலேயே கொடுப்போம். ஒன்று உங்கள் வீட்டுக்கு, இன்னொன்று வெள்ளம் வராத ஊரில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு. பிறகு எங்கள் கணினியில் அது அழிக்கப்படுவதையும் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் போக வேண்டும். பென்டிரைவ் காசு உங்களுடையது. இதற்காக அடையாள அட்டையின் போட்டோஸ்டேட் எதுவும் கொண்டுவர வேண்டாம்.